வீட்டுச் சுவருக்கு ஒரு பாப் ஆர்ட் கொலாஜ்: பட்டியல் போடுவது முதல் ஆணி அடிப்பது வரை

ஜெர்மனியில் டூபிங்கன் நகரக் கலைக்கூடத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது. நீளம், அகலம் இரண்டும் ஏறக்குறைய 10 அங்குலம்தான். நம் வீட்டு மாதக் காலண்டர் தாளைவிடச் சிறியது. 1956இல் லண்டனில் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த கொலாஜ் அது. பத்திரிகைகளில் வெட்டிய படங்களை ஒட்டியே ஒரு வரவேற்பறையைக் கட்டியிருக்கிறார். நடுவில் கட்டுமஸ்தான ஆள் ஒருவர், கையில் டென்னிஸ் மட்டை அளவுக்கு ஒரு லாலிபாப், அதன் உறையில் ‘பாப்’ என்ற எழுத்து. சோபாவில் ஒரு பெண். டீப்பாயில் டின்னில் வந்த பன்றி இறைச்சி. டிவி இருக்கிறது, டேப் ரிக்கார்டர் இருக்கிறது, மாடிப்படியில் வாக்குவம் கிளீனரோடு இன்னொரு பெண் நிற்கிறாள். விளக்கின் மூடியில் ஃபோர்டு கார் சின்னம். சுவரில் அந்தக் காலத்து மனிதர் ஒருவரின் படம், அதற்குப் பக்கத்திலேயே ஃபிரேம் போட்ட காதல் காமிக்ஸ் அட்டை. தரையில் கிடக்கும் கம்பளத்தை உற்றுப் பார்த்தால் அது கடற்கரைக் கூட்டத்தின் புகைப்படம்.

‘இன்றைய வீடுகளை இவ்வளவு வித்தியாசமாகவும் இவ்வளவு கவர்ச்சியாகவும் ஆக்குவது எதுதான்?’ என்பது படத்தின் தலைப்பு. வெட்டிப்போட்ட பத்திரிகைத் தாளில் இருந்த வாசகத்தையே எடுத்துத் தலைப்பாக வைத்தார்கள்.

விளம்பரம், காமிக்ஸ், கடைப் பொருள் போன்ற அன்றாடப் படங்களையே கலையாக்கியது பாப் ஆர்ட். அதன் ஆரம்ப காலப் படம் ஒன்று இப்படி வீட்டு அலங்காரத்தைப் பற்றியே கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் 1954 வரை உணவுக்கு ரேஷன் இருந்தது. அந்த நிலையில் அமெரிக்கப் பத்திரிகைகள் கைக்கு வருகின்றன. பக்கத்துக்குப் பக்கம் பளபளக்கும் ஃபிரிட்ஜ், கார், டின் உணவு, புதுத் தரை விரிப்பு. இனி வீடு இப்படித்தான் இருக்கும் என்று விளம்பரம் சொன்னதை ஹாமில்டன் வெட்டி ஒரே அறைக்குள் அடைத்துக் காட்டினார். வீட்டு ரசனை எங்கிருந்து வருகிறது, எப்படி மாறுகிறது என்பதை அந்த 10 அங்குலத்தில் பார்க்கலாம்.

இன்று பாப் ஆர்ட் என்றதும் பலரும் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பாவை அச்சடித்த கேன்வாஸை ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறார்கள். வார்ஹோல் 1962இல் லாஸ் ஏஞ்சலஸில் 32 சூப் டப்பா ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார், ஒரு வகை சூப்புக்கு ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் அந்த சூப்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அது அவர் வீட்டு டப்பா. நம் வீட்டுக்குள் வந்துபோன தாள்கள் வேறு: சிவகாசி காலண்டர், தீப்பெட்டி லேபிள், ஜவுளிக்கடைப் பை, கல்யாணப் பத்திரிகை, வார இதழின் நடுப்பக்கம். அவற்றை வைத்துச் செய்தால்தான் கொலாஜில் உயிர் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் தடவை செய்கிறவருக்கு அதற்கான வழியைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. கத்தரிக்கோலுக்கு முன் பட்டியல்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்திரிகைகளைக் குவித்து, அழகாகத் தெரிவதையெல்லாம் வெட்டுவார்கள். இரண்டு மணி நேரத்தில் 80 துண்டு சேர்ந்துவிடும், படம் வராது. ஹாமில்டன் வேறு மாதிரி செய்தார். முதலில் ஒரு பட்டியல் எழுதினார். மனிதன், பெண், உணவு, வரலாறு, செய்தித்தாள், சினிமா, வீட்டுச் சாதனங்கள், கார், விண்வெளி, காமிக்ஸ், டிவி, தொலைபேசி என்று போகும் அது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி டெர்ரியும் ஓவியர் மாக்டா கோர்டெலும் பத்திரிகைகளில் தேடி வெட்டிக் கொடுத்தார்கள்.

நீங்களும் ஒரு தாளில் 10 தலைப்பு எழுதுங்கள். ஐந்து பொதுவானவை: சாப்பாடு, சாமி, சினிமா, பயணம், துணிமணி. மீதி ஐந்து உங்கள் வீட்டில் மாறிப்போன பொருள்களாக இருக்கட்டும். இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். சிவப்பு ஆக்சைடு பூசிய தரை, அப்புறம் மொசைக், அப்புறம் பளபளக்கும் டைல்ஸ். வயர் பின்னிய நாற்காலி. ஷட்டர் வைத்த டயனோரா, சாலிடேர் டிவி, அதன் மேல் விரித்த குரோஷா துணி. கண்ணாடி ஷோகேஸில் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை. உத்தரத்தை ஒட்டிச் சாய்வாக மாட்டிய தாத்தா பாட்டி படங்கள். ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஒட்டிய பனிமலைப் போஸ்டர். இவையெல்லாம் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியவை, ‘பழைய ஸ்டைல்’ என்று பிறகு எடுக்கப்பட்டவை. சிவப்புத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் இப்போது மறுபடி கேட்டுப் போடப்படுகின்றன. கொலாஜுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

2. படம் தேடுவது

பழைய பேப்பர் கடைதான் முதல் இடம். எடைக்கு வரும் கட்டுகளில் வார இதழ்கள் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். கேட்டால் பிரித்துப் பார்க்க விடுவார்கள். பின்னட்டை, நடுப்பக்கம் இரண்டிலும்தான் வண்ண விளம்பரம் இருக்கும், உள்ளே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தீப்பெட்டி லேபிள்களை விட்டுவிடாதீர்கள். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் அச்சான பழைய லேபிள்களில் மூன்று நான்கு நிறங்களில் மயில், கப்பல், கடிகாரம், கிளி எல்லாம் தடிமனான கோட்டில் இருக்கும். பாப் ஆர்ட்டுக்கென்றே வரைந்தது போல இருக்கும்.

என் முதல் நல்ல கொலாஜ் ஒரு காலண்டர் தாளிலிருந்து வந்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்த 1983ஆம் ஆண்டுத் தாள். மேலே கன்னம் சிவந்த முருகன், கீழே தேதிக் கட்டங்கள். அந்தக் கட்டங்களில் அம்மா பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தார். பெரும்பாலான நாள்களில் வெறும் டிக், சில நாள்களில் ‘1½’, ஒரு வெள்ளிக்கிழமையில் மட்டும் ‘வரல’. பட்டியலில் ‘மொசைக் தரை’ என்று எழுதி வைத்துவிட்டு அதற்குப் படம் கிடைக்காமல் ஒரு வாரம் அலைந்திருந்தேன். ஹாமில்டனின் கடற்கரைக் கம்பளம் ஞாபகம் வந்தது. தேதிக் கட்டங்களைப் பெரிதாக்கித் தரையாக விரித்தேன். எங்கள் பழைய வீட்டு ஹால் அப்படியே வந்துவிட்டது. பட்டியல் எழுதி வைத்திருந்ததால்தான் அந்தத் தாள் கண்ணில் பட்டது.

3. அசலை வெட்டாதீர்கள்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். குடும்பப் புகைப்படம், கடிதம், பழைய காலண்டர் எதையும் அசலாக ஒட்டக் கூடாது. ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. என் பாட்டியின் கையெழுத்தில் இருந்த ஒரு போஸ்ட் கார்டை அவசரத்தில் ஒட்டிவிட்டேன், பின்பக்கம் என்ன எழுதியிருந்தது என்பது இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

நகல் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கலர் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்ட் எடுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வரும் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். பசை தடவியதும் சிவப்பும் நீலமும் ஒழுகிப் படம் சேறாகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். வார இதழ்த் தாள் மெல்லிசு என்பதால் நகலில் பின்பக்க எழுத்தும் தெரியும். ஸ்கேன் செய்யும்போது தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் அது பெருமளவு மறையும். செய்தித்தாளை நகல் எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும், தாள் நொறுங்கும். 100 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) வெள்ளைத் தாளில் நகல் எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

பெரிதாக்க வேண்டிய படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கியபோது என் முருகன் கன்னம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகளாகப் பிரிந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை அண்ணன், “என்னங்க இப்படிப் புள்ளி புள்ளியா வருது, ஸ்மூத் பண்ணித் தரட்டுமா?” என்றார். “வேண்டாம்ணா, அந்தப் புள்ளிதான் வேணும்” என்றேன்.

உண்மையிலேயே அந்தப் புள்ளிதான் வேண்டும். அச்சில் எந்த நிறமும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் விழுகிறது, தூரத்திலிருந்து பார்க்கும் கண் அவற்றைக் கலந்துகொள்கிறது. மலிவான அச்சில் நிழலும் சாயலும் கொடுக்க 1879இல் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தார். காமிக்ஸ் புத்தகங்கள் அதில்தான் அச்சாயின. 1960களில் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கி ஓவியமாகவே வரைந்தபோது, அதுவரை யாரும் கவனிக்காத அச்சு இயந்திரத்தின் கைரேகை எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே புள்ளி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

4. அட்டை, பசை, மற்ற சாமான்கள்

முதல் கொலாஜுக்கு ஏ3 அளவு போதும். ஹாமில்டனுடையதைவிட அதுவே பெரியது. நேரடியாகச் சுவரில் ஒட்டும் யோசனை வேண்டாம். சுவர் ஓதம் காக்கும், வாடகை வீடென்றால் பிரச்சினை, ரசனை மாறினால் சுரண்ட வேண்டிவரும்.

அடித்தளத்துக்கு மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை அல்லது மர நாரை அழுத்திச் செய்த 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. எம்.டி.எஃப். என்றால் முன்னும் பின்னும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். சாதாரண சார்ட் அட்டை பசை பட்டதும் சுருண்டுகொள்ளும்.

பசைக்கு மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையே நல்லது. மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷில் தடவும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மைதாப் பசை காய்ச்சலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போஸ்டர் ஒட்ட அது சரி, வீட்டுக்குள் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மற்றபடி: கூரான சின்னக் கத்தரிக்கோல், பேப்பர் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், அரை அங்குலப் பிரஷ், பழைய பத்திரிகை, ஒரு பிளாஸ்டிக் தாள், சப்பாத்திக் கட்டை.

5. வெட்டுவது

கத்தரிக்கோலை அசைக்காமல் ஒரே இடத்தில் பிடித்து, தாளைத் திருப்புங்கள். வளைவுகள் வழுக்கிக்கொண்டு வரும். உருவத்தின் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெட்டினால் வெள்ளை விளிம்பு தெரியாது. முழங்கை இடுக்கு, கைப்பிடி வளையம் போன்ற உள்வெட்டுகளைக் கட்டரால் முதலில் எடுத்துவிட்டு வெளிக்கோட்டைப் பிறகு வெட்டுங்கள். தாள் முழுசாக இருக்கும்போதுதான் உள்ளே வெட்டப் பிடிமானம் கிடைக்கும். பிளேடு நுனியை அடிக்கடி ஒடித்துப் புதுசாக்குங்கள். மழுங்கிய பிளேடு தாளை இழுத்துக் கிழிக்கும்.

எல்லாவற்றையும் வெட்டவும் வேண்டாம். சில துண்டுகளைக் கையால் கிழிக்கலாம். அச்சடித்த தாளைக் கிழித்தால் ஒரு பக்கத் துண்டில் வெள்ளை ஓரம் வரும், மறுபக்கத் துண்டில் வராது. எந்தக் கையை எந்தப் பக்கம் இழுத்தால் எது வருகிறது என்று வேண்டாத தாளில் நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். சாமான்களுக்குக் கூர்மையான வெட்டு, பின்னணிக்குக் கிழிசல் என்று வைத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

6. அடுக்குவது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பசையைத் தொடாமல் குறைந்தது இரண்டு நாள் இந்தக் கட்டத்தில் இருங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும் என்றால் இரண்டு வாரம்.

முதலில் ஒரு அறை வேண்டும். ஹாமில்டன் தரை விரிப்பு விளம்பரம் ஒன்றில் இருந்த அறைப் படத்தைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். அதில் சுவர், தரை, சோபா எல்லாம் சரியான கோணத்தில் ஏற்கெனவே இருந்ததால் மேலே எதை வைத்தாலும் அது ‘வீட்டுக்குள்’ வந்து நின்றது. நீங்களும் ஒரு ஃபர்னிச்சர் விளம்பரத்தையோ உங்கள் வீட்டு ஹாலின் புகைப்படத்தையோ ஏ3 அளவுக்கு அச்சடித்து அடியில் வையுங்கள். புதிதாகச் செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பின்னணி இல்லாமல் தொடங்கினால் படங்கள் எல்லாம் ஆல்பம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது அளவு. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் நழுவிவிடும். ஒன்றே ஒன்று இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கட்டும், அந்த லாலிபாப் போல. ஒரு எவர்சில்வர் டம்ளர் பீரோ உயரத்துக்கு நிற்கலாம், அதற்கு முன்னால் ஆள் சின்னதாக உட்காரலாம். பெரியது ஒன்று, நடுத்தரம் மூன்று, சின்னவை ஏழெட்டு என்ற கணக்கு எனக்குச் சரியாக வந்திருக்கிறது. ஒரு பொருளை இன்னொரு பொருளின் வேலையில் அமர்த்துவதும் இதே மாதிரிதான். தேதிக் கட்டம் தரையாகலாம், ஜவுளிக்கடைப் பையின் பூ ஜன்னல் திரையாகலாம், தீப்பெட்டி லேபிள் சுவரில் மாட்டிய படமாகலாம். பார்க்கிறவர் முதலில் அறையைப் பார்த்து, கிட்டே வந்ததும் அது என்ன தாள் என்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு உழைப்பு.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று எடுத்தால் பெரிய துண்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கட்டும், வேறு நிறம் சின்னத் துண்டுகளில் மட்டும் வரட்டும். ஒரு துண்டு ரொம்பப் பிடித்திருக்கிறது, நிறம் ஒத்துவரவில்லை என்றால் அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை எதோடும் சேரும். வெறும் சுவர்ப் பகுதி காலியாக இருந்தால் பென்சிலின் பின்னால் உள்ள ரப்பரை அக்ரிலிக் பெயின்டில் தொட்டு வரிசையாகப் புள்ளி வைக்கலாம். ஒரு ஸ்கேலை விளிம்பாக வைத்துக்கொண்டால் வரிசை கோணாது.

எழுத்தையும் சேருங்கள். ஒரே ஒரு சொல் போதும், பெரியதாக: ‘தள்ளுபடி’, ‘புத்தம் புதிய’, ‘தரமானது’. விளம்பரத் தமிழின் அந்த உரத்த குரல் இல்லாமல் நம் ஊர் பாப் ஆர்ட் முழுமையாகாது.

அடுக்கியதும் செல்போனில் ஒரு படம் எடுங்கள், அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சமும் இருட்டும் போதவில்லை என்று அர்த்தம். ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, மின்விசிறியை மறக்காமல் நிறுத்திவிட்டு, காலையில் முதல் பார்வையில் எது உறுத்துகிறதோ அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் ஆசை ஆசையாக வெட்டிய துண்டாகத்தான் அது இருக்கும். எடுத்துத்தான் ஆக வேண்டும், அடுத்த கொலாஜில் வைத்துக்கொள்ளலாம்.

7. ஒட்டுவது

கடைசியாக எடுத்த செல்போன் படத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். துண்டுகளைத் தூக்கி, எது அடியில், எது மேலே என்ற வரிசையில் எண் போட்டு அடுக்குங்கள். பின்னணியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.

துண்டைப் பழைய பத்திரிகையின் மேல் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பசை தடவுங்கள். ஓரம் விட்டுப்போகக் கூடாது, பின்னால் எழும்பி நிற்பது ஓரம்தான். தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாமல் அரை நிமிடம் பொறுங்கள். ஈரம் பட்டதும் தாள் விரியும். விரிந்து முடிந்த பிறகு ஒட்டினால் சுருக்கம் வராது. உடனே ஒட்டினால் அட்டையின் மேலேயே விரிந்து சுருக்கம் விழும். பிறகு பிளாஸ்டிக் தாளை மேலே போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஈரத் துணியால் அப்போதே ஒற்றி எடுங்கள். குமிழ் நின்றுவிட்டால் ஊசியால் ஒரு குத்து, மறுபடி ஒரு உருட்டு. பசை தொட்ட பத்திரிகைப் பக்கத்தை ஒவ்வொரு துண்டுக்கும் திருப்பிவிட மறக்காதீர்கள், அடுத்த துண்டின் முகத்தில் பசை ஒட்டிக்கொள்ளும்.

முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கத்திலும் ஒரு வெற்றுத் தாளை அதே பசையில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் இருந்தால் காய்ந்ததும் அது இழுத்து அட்டையை வில்லாக வளைக்கும், இரண்டு பக்கமும் இருந்தால் இழுப்பு சரிக்குச் சரியாகிவிடும். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விடுங்கள்.

8. மேல்பூச்சும் ஃபிரேமும்

கண்ணாடி போடப் போகிறீர்கள் என்றால் மேல்பூச்சு தேவையில்லை. கண்ணாடி இல்லாமல் மாட்டினால் மேட் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காற்றின் ஈரத்தில் வார்னிஷ் பால் மாதிரி வெளுக்கலாம்.

ஃபிரேமுக்கு சாமி படம் ஃபிரேம் போடும் கடையே போதும். ‘மவுண்ட் வைத்துப் போடுங்க’ என்று சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்த அட்டை இடைவெளி இல்லாவிட்டால் ஈரக்காற்றில் அச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்பலகையை ஆணி அடித்து மூடாமல், திருப்பித் திறக்கும் கிளிப் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை மாற்றும் நாள் வரும்.

தாளின் மேல் இன்னொன்றை ஒட்டி வீட்டில் மாட்டுவது நமக்குப் புதிதில்லை. ரவி வர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கிய பிறகு அச்சுப் படங்கள் வீடு வீடாக வந்தன. செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களிலுள்ள லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜத் துணியிலும் ஜரிகையிலும் சேலை கட்டி, ஜிகினா ஒட்டி ஃபிரேம் போட்டிருப்பார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். பிக்காசோ 1912இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டியதைக் கலை வரலாறு கொண்டாடுகிறது, சரிதான். அந்தச் சேலைகளை ஒட்டிய விரல்களுக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

9. எங்கே மாட்டுவது

டீக்கடையில் பல வருடமாகத் தொங்கும் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் போய் ஊதா நீலமாக மட்டும் நிற்கும். அச்சு மையில் அந்த இரண்டும்தான் வெயிலில் முதலில் மங்கும். ஆகவே மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். குளியலறைக்குப் பொதுவான சுவரும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஃபிரேமின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவரைத் தொடாமல் காற்று போகும்படி மாட்டுங்கள்.

உயரத்துக்கு அருங்காட்சியகங்களில் வழங்கும் அளவு ஒன்று உண்டு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. நாம் வழக்கமாக மாட்டுவது இதைவிட உயரம், அண்ணாந்து பார்க்கும்படி இருக்கும். கொலாஜைக் கிட்டே போய்ப் படிக்க வேண்டும், அதனால் கண் மட்டத்தில் இருப்பது முக்கியம். சோபாவுக்கு மேலே என்றால் சோபா விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் இடையில் ஒரு சாண் போதும்.

சுற்றிலும் அமைதியாக இருக்கட்டும். 1960களில் பாப் ரசனை படத்திலிருந்து இறங்கி நாற்காலி வரைக்கும் வந்தது. வடிவமைப்பாளர் பீட்டர் மர்டாக் காகித அட்டையில் புள்ளி போட்ட நாற்காலி செய்தார். 1967இல் இத்தாலியில் காற்றடித்து உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. 1980இல் மிலானில் வடிவமைப்பாளர் எட்டோரே சோட்சாஸும் நண்பர்களும் தொடங்கிய மெம்ஃபிஸ் குழு அலமாரியையே கோமாளி நிறங்களில் கட்டியது. பிறகு எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக அடங்கி, இப்போது நிறம் மறுபடி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இந்த அலைக்காக உங்கள் சோபாவை மாற்ற வேண்டாம். கொலாஜில் உள்ள ஒரு நிறத்தை மட்டும் ஒரு குஷன் உறையிலோ ஒரு பூந்தொட்டியிலோ திருப்பிச் சொன்னால் அறையோடு சேர்ந்துவிடும்.

வீட்டுக்கு மட்டும் செய்யும்வரை பத்திரிகைப் படங்களைப் பயன்படுத்துவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு, அந்தப் படங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அப்போது சொந்தமாக எடுத்த புகைப்படங்களை மட்டும் வையுங்கள்.

மாட்டுவதற்கு முன் பின்பக்கத் தாளில் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது. பென்சில் மங்காது. என்னுடையதன் பின்னால் ‘தரை: 1983 காலண்டர், அம்மா பெட்டி. சேவல்: தீப்பெட்டி, பெரியப்பா கடை. டம்ளர்: நாங்களே எடுத்த போட்டோ’ என்று இருக்கிறது. மாட்டிய அன்று அம்மா கிட்டே போய்த் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வெள்ளிக்கிழமை பால்காரருக்குப் பேரன் பிறந்தான், அதான் வரல” என்றார். ஃபிரேமைக் கழற்றி அதையும் எழுதிவைத்தேன்.